பேயோனெட்டாவைப் பெண்ணியக் கேரக்டர் என்று சொல்லலாமா?

பீளமேட்டுப் பிள்ளை கேட்டது:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். கோவையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கிறேன். செமினாருக்கு வீடியோ கேம்களில் வரும் பெண்கள் பற்றி எடுத்திருக்கிறேன். டூம் ரெய்டர் கேமின் லாரா கிராஃப்ட், ஹொரைசன் கேமின் ஏலாய் எல்லாம் எழுதியாயிற்று, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேயோனெட்டாவைச் சேர்த்ததும் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது, அதனால் இங்கே கேட்கிறேன்.

விளையாடாதவர்களுக்காக நாலு வரி. 2009-ல் ஜப்பானின் பிளாட்டினம்கேம்ஸ் செய்த கேம். நாயகி ஒரு சூனியக்காரி. கையில் இரண்டு துப்பாக்கி, குதிகாலில் இரண்டு துப்பாக்கி, அவள் அடிப்பது மேலேயிருந்து இறங்கிவரும் தேவதூதர்களை. உடம்போடு ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்பு உடை துணி கிடையாது, அவளுடைய தலைமுடியேதான். பெரிய எதிரியை முடிக்க அரக்கனை அழைக்கும்போது முடி உடம்பை விட்டு விலகிப்போய் அரக்கனாக உருவெடுக்கும், அந்த நேரத்தில் அவள் உடம்பில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது.

எனக்கு அவளைப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவனாவது வந்து காப்பாற்றட்டும் என்று அவள் காத்திருப்பதில்லை, கடைசியில் அவளை மீட்க வருவதும் ஜீன் என்ற இன்னொரு சூனியக்காரிதான். நாலு மாடி உயரத்துக்கு ஒன்று எதிரே வந்து நின்றாலும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நக்கலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பிப்பாள். அவளை வைத்து விளையாடும்போது எனக்குள் ஒரு தெம்பு வருகிறது, பொய் சொல்லவில்லை.

என் தோழி, பேயோனெட்டா தன் உடம்பைப் பார்த்து வெட்கப்படவில்லை, அதையே ஆயுதமாக்கிக்கொள்கிறாள், இதைவிடப் பெண்ணியம் வேறென்ன என்கிறாள். வகுப்புப் பையன்களில் பாதிப் பேரும் இதையேதான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் வாயிலிருந்து வரும்போது எனக்கு ஏனோ ஒட்டவில்லை. வழிகாட்டும் மேடம், இந்தப் படத்தையெல்லாம் ஸ்லைடில் போடாதே, பெண்ணை இப்படிக் காட்டுவதே கேவலம், இதில் பெண்ணியம் எங்கிருந்து வந்தது என்று முடித்துவிட்டார்.

மேடம் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் கேட்டில் துப்பட்டாவில் சேஃப்டி பின் குத்தியிருக்கிறதா என்று பார்த்துத்தான் எங்களை உள்ளே விடுகிறார்கள். இப்படியொரு இடத்தில் இருந்துகொண்டு, கேமில் இருப்பவளையும் மூடு என்று நானே எழுதினால் நான் யார் பக்கம் நிற்கிறேன்? அதே சமயம், கேமரா அவள் கால்களுக்கு நடுவே போய் நிற்கும் ஷாட் வரும்போது தம்பி அறைக்குள் வந்துவிட்டால் டக்கென்று பாஸ் போட்டு கேமை நிறுத்திவிடுகிறேன். இரண்டும் உண்மை. கவர்ச்சியாக வரைந்த ஒரு கேரக்டர் பெண்ணியக் கேரக்டராக இருக்க முடியுமா, முடியாதா? கொஞ்சம் சொல்லுங்கள்.

ஈரோடு மஞ்சமண்டி எழுதியது:

தங்கச்சி, லாராவைப் பற்றி எழுதினபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றீர்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம். இந்தச் சண்டை ஆரம்பித்ததே அவளிடம்தான். நான் பிரவுசிங் சென்டர் காலத்து ஆள், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பின்னால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க டூம் ரெய்டர் ஆடியவன்.

1996-ல் இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊரில் இருந்த கோர் டிசைன் அந்த கேமைக் கொண்டுவந்தது. டோபி கார்டு என்பவர் உருவாக்கிய லாரா, கேமுக்குள் தனி ஆள். தனியாகக் குகைக்குள் போவாள், தனியாகப் புதிரை அவிழ்ப்பாள், ஓநாய் வந்தால் தானே சுட்டுக்கொள்வாள். விளையாடும் நேரமெல்லாம் நாம் பார்ப்பது அவள் முதுகைத்தான், அதுவும் நாலு முக்கோணத்தை ஒட்டவைத்த முதுகு. ஆனால் பெட்டியின் மேலும் பத்திரிகை விளம்பரங்களிலும் வந்த லாரா வேறொருத்தி. குகையும் இல்லை, புதிரும் இல்லை, உடம்பு மட்டும்தான். அந்தப் போக்கு டோபி கார்டுக்குப் பிடிக்கவில்லை, 1997-ல் கம்பெனியை விட்டே போய்விட்டார். கேமுக்குள் ஒரு பெண், கேமை விற்பதற்கு இன்னொரு பெண். அன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கும் ஓடுகிறது.

அதற்கும் முன்னால் 1986-ல் நின்டெண்டோவின் மெட்ராய்டு. கவசத்துக்குள் இருந்து சண்டை போட்டது ஒரு பெண், பெயர் சாமஸ், என்று முடிவில்தான் தெரியும். இன்றுவரை அதைப் பெரிய சாதனையாகச் சொல்வார்கள், சாதனைதான். ஆனால் அவளை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் வந்து நிற்பாள். ரொம்ப வேகமாக முடித்தால் பிகினி. கஷ்டப்பட்டு விளையாடினவனுக்குப் பரிசு அவள் உடம்பு. அவ்வளவு நேரம் அவளாக இருந்து விளையாடினவனை, கடைசியில் அவளை வேடிக்கை பார்க்கிறவனாக மாற்றிவிட்டார்கள்.

அதனால் பலம் இருக்கிறது, சண்டை போடுகிறாள் என்பதை மட்டும் வைத்துப் பெண்ணியம் என்று சொல்லிவிடாதீர்கள். உடையை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2013-ல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் லாராவைப் புதிதாகச் செய்தபோது முழுக்கால் பேன்ட் போட்டுவிட்டார்கள், கதை எழுதியவர்களில் முக்கியமானவர் ரியான்னா பிராட்செட் என்ற பெண். நல்ல கேம்தான், இரண்டு தடவை முடித்திருக்கிறேன். ஆனால் வெளிவருவதற்கு முந்தைய வருடம் தயாரிப்பாளர் தரப்பில் ஒருவர், விளையாடுபவர்களுக்கு அவளைப் பாதுகாக்கத் தோன்றும் என்கிற மாதிரிப் பேசப்போய்ப் பெரிய சர்ச்சை ஆனது. கேமிலும் அது தெரிகிறது. ஆற்றில் அடித்துப்போகும்போது ஒரு நொடி தவறினால் கழுத்தில் கம்பி குத்திச் சாகிறாள், அதைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், அவள் துடிப்பது முடியும்வரை காட்டுகிறார்கள். பேன்ட் போட்டிருந்தும் அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

காந்திபுரம் கன்சோல் எழுதியது:

ஏனுங்க, எல்லாவற்றிலும் இயத்தைக் கொண்டுவர வேண்டுமா? கேள்வி கேட்டவருக்கே அவளைப் பிடித்திருக்கிறது, தெம்பு வருகிறது என்று எழுதியிருக்கிறார். அது போதாதா? காட் ஆஃப் வார் கேமின் நாயகன் கிராட்டோஸ் சட்டை போட்டா வருகிறார்? அவர் உடம்பும்தான் யாருக்கும் இல்லாத உடம்பு. ஆண் கேரக்டர் வெற்று மார்போடு நின்றால் வீரம், பெண் கேரக்டர் நின்றால் கேவலம் என்றால் அதுவும் ஒரு பாகுபாடுதானே.

இன்னொன்று, பேயோனெட்டாவை வடிவமைத்தது மாரி ஷிமசாகி என்ற பெண். இயக்குநர் ஹிடேகி காமியா ஆண்தான், ஆனால் உருவம் கொடுத்தது ஒரு பெண் ஓவியர். ஒரு பெண் ரசித்து வரைந்ததை இன்னொரு பெண் ரசித்து விளையாடுகிறார், நடுவில் நாம் நின்று இது பெண்ணை இழிவு செய்கிறது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உடம்பை மூடினால்தான் மரியாதை என்பது நம்ம ஊர்ப் பெரியவர்கள் புத்தி. அதை எதிர்க்கிறவர்களே கேம் என்று வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

திருப்பூர் கட்டிங் டேபிள் எழுதியது:

எனக்கு கேம் கொஞ்சம்தான் தெரியும், துணி நன்றாகத் தெரியும். துணி வெட்ட அளவு வரைந்து பேட்டர்ன் போடும் வேலை. என் மகன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், கண் தானாகத் தையலுக்குத்தான் போகும்.

ஆண் கேரக்டர் உடையைப் பார்த்தால் பை எங்கே, பெல்ட் எங்கே, கவசம் எந்த வாரில் தொங்குகிறது என்று எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து நான் பேட்டர்ன் போட்டுவிடுவேன். பெண் கேரக்டர் உடையில் பாதிக்குமேல் தைக்கவே முடியாது. தோள்பட்டை இல்லை, இலாஸ்டிக் இல்லை, மார்புத் துணியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை, ஆனால் ஓடுகிறாள், குதிக்கிறாள், துணி நகருவதில்லை. வேலை செய்கிறவளுக்குப் போட்ட உடை என்றால் கை தூக்கும் இடத்தில் லூஸ் விட்டிருப்பார்கள். இது பார்க்கிறவனுக்குப் போட்ட உடை.

மெட்டல் கியர் சாலிட் ஐந்தில் குவயட் என்று ஒரு பெண் வருகிறாள், 2015-ல் வந்தது. துப்பாக்கி குறி பார்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் பாலைவனத்தில் பிகினியும் கிழிந்த வலை காலுறையும்தான் போட்டிருப்பாள், பேசவும் மாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் தோலால் மூச்சு விடுகிறாள், மூடினால் செத்துப்போவாள் என்று கதையில் காரணம் வைத்திருந்தார்கள். அதைச் செய்த ஹிடியோ கோஜிமா, காரணம் தெரிந்தால் நீங்கள் பேசியதற்கு நீங்களே வெட்கப்படுவீர்கள் என்று 2013-லேயே சொன்னவர். என் மகன் அப்போது ஒன்று சொன்னான். அதே வரிசையில் 2004-ல் வந்த கேமில் வெயிலை உடம்பால் உறிஞ்சி உயிர் வாழும் ஒரு கிழவர் உண்டாம், அவருக்கு மட்டும் முழு உடை உண்டாம். இதற்குமேல் நான் என்ன சொல்ல.

இன்னொரு கதை, 2024-ல் வந்த ஸ்டெல்லர் பிளேடு. கொரியாக் கம்பெனி, நாயகி பெயர் ஈவ். வெளியான கையோடு வந்த அப்டேட்டில் இரண்டொரு உடையில் மார்புப் பக்கம் கொஞ்சம் லேஸ் வைத்து மூடிவிட்டார்கள் என்று உலகம் முழுக்க ஆட்கள் கொதித்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஒரு கை அகல லேஸ், அவ்வளவுதான். அந்த உடை யாருக்காகத் தைத்தது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

வனமுள் எழுதியது:

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கேரக்டர் ஆர்ட்டிஸ்டாக இருக்கிறேன். வெளிநாட்டு கேம்களுக்கு உருவம் செய்து கொடுப்பதுதான் வேலை. காந்திபுரம் கன்சோல் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்.

அவளுக்குப் பிடித்து அப்படி உடுத்துகிறாள் என்ற வாதம் மனுஷிக்குச் செல்லும், மாடலுக்குச் செல்லாது. என் தங்கை ஸ்லீவ்லெஸ் போட்டால் அது அவள் முடிவு, குறுக்கே யார் வந்தாலும் நான் அவள் பக்கம் நிற்பேன். பேயோனெட்டாவுக்கு முடிவு எடுக்க மனம் ஒன்று கிடையாது, அவளுடைய ஒவ்வொரு அங்குலமும் யாரோ உட்கார்ந்து பேசி ஓகே செய்தது. அதனால் அவளை விமர்சிப்பது எந்தப் பெண்ணையும் மூடச் சொல்வது ஆகாது தங்கச்சி. உன் காலேஜ் போடும் துப்பட்டா விதிக்கும் நீ எழுதப்போவதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தப் பயத்தை முதலில் விடு. கேட்டில் நிறுத்திக் கேட்பது உன்னை. நீ கேட்கப்போவது அவளைச் செய்தவர்களை.

இப்போது செய்யும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு கேரக்டரை அசைக்க உள்ளே எலும்பு போடுவோம், ரிக் என்போம். இத்தனை எலும்புக்கு மேல் போனால் கேம் திணறும் என்று ஒரு கணக்கு உண்டு, அதனால் எங்கே போடுவது என்பது பெரிய பேச்சு. ஆண் கேரக்டருக்கு மிச்சமாகும் எலும்பு மேலங்கிக்கும் தாடிக்கும் போகும். பெண் கேரக்டருக்கு மார்புக்கு, பின்புறத்துக்கு என்று தனி எலும்பு கேட்டு வரும், அது எவ்வளவு ஆட வேண்டும், ஆடி எவ்வளவு நேரத்தில் நிற்க வேண்டும் என்று எண்ணை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். அதே பெண்ணின் முகத்தைப் பார்த்தால் புருவத்துக்குக்கூடப் போதுமான எலும்பு இருக்காது, கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் ஒரே முகம். யாருடைய வேலை நேரம் எதில் போயிருக்கிறது என்று பார்த்தாலே அந்தக் கேரக்டர் எதற்காகச் செய்யப்பட்டது என்று விளங்கிவிடும். உடை அப்புறம்தான்.

அதைவிடப் பெரியது கேமரா. 1975-ல் லாரா மல்வி என்ற இங்கிலாந்துத் திரைப்பட ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார், சினிமாக் கேமரா ஆணின் கண்ணாக நின்று பெண்ணைப் பார்க்கிறது என்று. விஸ்காமில் உங்களுக்கு இருக்கும். கேமில் அதற்கு மேலே ஒரு படி, கேமரா பாதி நேரம் நம் கையிலேயே இருக்கிறது. 2017-ல் வந்த நியர் ஆட்டோமேட்டாவில் 2பி என்ற நாயகியின் பாவாடைக்குக் கீழே கேமராவைத் திருப்பிப் பத்துத் தடவை பார்த்தால் ஒரு டிராஃபி கொடுப்பார்கள், அதன் பெயரே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பதுதான். திட்டுகிற மாதிரித் திட்டிக் கையில் பரிசும் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த கேமின் கதை உயிர், இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

பேயோனெட்டாவுக்கு வருகிறேன். சண்டை நேரத்தில் கேமரா எட்டத்தில் நிற்கும். அவள் திரையில் சின்னதாகத்தான் தெரிவாள். மாரி ஷிமசாகி கொடுத்த அந்த நீளக் கைகால் எதற்கு என்று அப்போது புரியும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் எந்தக் கை, எந்தக் கால் அடிக்கிறது என்று தெளிவாகத் தெரியும். எதிரி அடிக்க வரும் கடைசி நொடியில் விலகினால் காலமே மெதுவாகும், எதிரிகள் எல்லாம் அந்தரத்தில் தொங்க அவள் மட்டும் தன் வேகத்தில் நடப்பாள். உனக்கு வரும் தெம்பு அங்கேதான் வருகிறது, எனக்கும் அங்கேதான் வந்தது. கட்சீன், அதாவது நாம் ஆடாமல் பார்க்க மட்டும் வரும் கதைக் காட்சி, ஆரம்பித்ததும் கன்ட்ரோலர் நம் கையை விட்டுப் போகிறது, அவளும் போகிறாள். கேமரா நேரே இடுப்புக்கு இறங்குகிறது. நீ பாஸ் போடும் இடம் எல்லாமே கட்சீனில்தான் இருக்கும், வேண்டுமானால் கவனித்துப் பார். அவளை நீ ஆட்டும்போது ஒருத்தி, உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதும் வேறொருத்தி.

அதனால் பெண்ணியக் கேரக்டரா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் குவயட்டோடு அவளைச் சேர்த்து வைக்கவும் மாட்டேன். குவயட்டிடமிருந்து கேமராவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பேயோனெட்டாவிடமிருந்து அந்தக் கேமராவை எடுத்துவிட்டாலும் பேயோனெட்டா முழுசாக இருப்பாள். ஈரோட்டு அண்ணன் விற்கும் பெண் வேறு, கேமில் இருக்கும் பெண் வேறு என்றாரே, 2009-ல் டோக்கியோவில் ஒரு ரயில் நிலையத்தில் இவளுடைய பெரிய போஸ்டரை வைத்து, மேலே துண்டுச்சீட்டுகளால் மூடியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் ஆளுக்கு ஒரு சீட்டைப் பிய்க்கப் பிய்க்க உள்ளே அவள் உடம்பு தெரியும். கேமில் ஒரு தேவதூதனால் அவளைத் தொட முடியாது. ஸ்டேஷனில் எவன் வேண்டுமானாலும் உரிக்கலாம். இதைக் கட்டாயம் எழுது.

பீளமேட்டுப் பிள்ளை எழுதியது:

வனமுள் அக்கா, நேற்று ராத்திரி முதல் அத்தியாயத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் சண்டைக்குள்ளேயும் சில முடிக்கும் அடிகளில் அவள் கேமராவைப் பார்த்து போஸ் கொடுக்கிறாள், அந்த நேரத்தில் கன்ட்ரோலர் என் கையில்தான் இருக்கிறது, பட்டனை அழுத்துவதும் நான்தான். அதை எங்கே வைப்பது? எனக்கு அது வேடிக்கையாகவும் இருக்கிறது. எதிரியைக் கேலி செய்கிறாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கிறவனுக்குக் காட்டுகிறாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கிராட்டோஸைப் பற்றிக் கேட்ட காந்திபுரம் அண்ணாவுக்கு, கிராட்டோஸ் வெற்று மார்போடுதான் நிற்கிறார், ஆனால் எந்த கேமிலும் கேமரா அவர் இடுப்பைச் சுற்றி மெதுவாக ஊர்ந்து போய் நான் பார்த்ததில்லை. அவர் உடம்பைப் பார்த்தால் பையன்களுக்கு இப்படி ஆக வேண்டும் என்று தோன்றும். என் வகுப்புப் பையன்கள் பேயோனெட்டாவைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை, வேறு சொன்னார்கள், அதை இங்கே எழுத முடியாது.

கோபி டீச்சர் எழுதியது:

கண்ணு, நீ கேட்ட விதமே நன்றாக இருக்கிறது. நான் பிளஸ் டூவுக்குத் தமிழ் எடுக்கிறேன், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் கொஞ்சம் ஆடுவேன்.

நம்ம ஈரோட்டுப் பெரியார் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அடித்தவர். பெண்ணைப் பூட்டி மூடி வைப்பதையும் திட்டினார், அவளை அலங்காரப் பொம்மையாக நிறுத்தி வைப்பதையும் திட்டினார். முடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள், வேலைக்குத் தோதான உடையைப் போடுங்கள் என்று பெண்களிடம் நேராகச் சொன்னார். 1921-ல் இதே ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கி நின்றார்கள், அவர்கள் என்ன கட்டியிருந்தார்கள் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? உன் மேடத்துக்குப் பதில் சொல்ல வேறு எங்கேயும் போக வேண்டாம், மூடுவதையும் காட்சிப்பொருளாக்குவதையும் ஒரே ஆள் எதிர்க்க முடியும் என்பதற்கு நம்ம மண்ணிலேயே நூறு வருட ஆதாரம் இருக்கிறது.

அண்ணன்மார் கதை கேட்டிருப்பாய். உடுக்கடித்துப் பாடும்போது பொன்னர் சங்கர் சண்டையை விட எனக்கு எப்போதும் தங்காள்தான். அண்ணன்மார் செத்துக்கிடக்கும் இடத்தைத் தேடி அவள் ஒருத்தியாகப் போகிறாள், போய் அவர்களை எழுப்பிப் பேசவைக்கிறாள். நாளைக்கு எவராவது அதை கேமாகச் செய்தால் தங்காளுக்கு என்ன உடை போடுவார்கள், கேமராவை எங்கே வைப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. செய்ய முடியாது என்று சொல்லவில்லை. 2020-ல் புனேக்காரர்கள் ராஜி என்று ஒரு கேம் செய்தார்கள், தம்பியைத் தேடிப் போகும் ஒரு கழைக்கூத்தாடிப் பெண், அவள் வித்தை தெரிந்த பெண் என்பதை அவள் கம்பம் ஏறுவதிலும் தாவுவதிலும் மட்டுமே காட்டியிருப்பார்கள். என் சின்னவள் அதை முடித்துவிட்டு முற்றத்தில் ஈட்டி சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நீ எழுதும்போது கேரக்டரோடு நிறுத்திவிடாதே. என் பெரியவள் பிஜிஎம்ஐ என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது மைக்கைப் போடவே மாட்டாள். டீமில் வேறு யாருக்கும் அவள் பெண் என்று தெரியாது, பெயரும் ஆண் பெயர் மாதிரித்தான் வைத்திருக்கிறாள். ஒரு தடவை பெயர் தெரியாத ஆட்களோடு மைக் போட்டுப் பேசிவிட்டாள், அப்புறம் அந்த மேட்ச் முழுக்க அவளை விளையாடவே விடவில்லை, ஒருத்தன் நம்பர் கேட்டான், இன்னொருத்தன் சமைக்கப் போ என்றான். அவள் ஆடும் கேரக்டர் உடம்பு முழுக்க மூடிய ராணுவ உடையில்தான் இருந்தது.

2020-ல் லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்தபோது ஆபி என்ற பெண்ணை நல்ல தசைக்கட்டோடு செய்திருந்தார்கள், கவர்ச்சி என்று ஒன்றும் கிடையாது. அதற்கு வந்த வசவு கொஞ்சமா? கதைக் கோபம் ஒரு பக்கம், பெண் உடம்பு இப்படியா இருக்கும் என்று இன்னொரு பக்கம். குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டலே வந்தது. அதற்கு முன் அனிதா சர்க்கீசியன், கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று 2013-லிருந்து வீடியோ போட்டவர், 2014-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேசப் போக முடியாமல் மிரட்டினார்கள். அவர் கேட்டதும் ஏறக்குறைய நீ கேட்கும் கேள்விதான். கவர்ச்சியாக இருந்தால் ரசிக்கிறோம் என்கிறார்கள், இல்லாவிட்டால் திட்டுகிறார்கள், ஏன் என்று கேட்டால் மிரட்டுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்குள் உட்கார்ந்துதான் நம்ம பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அதை விட்டுவிட்டு உடையை மட்டும் அளந்தால் ஆய்வு பாதியில் நிற்கும்.

காந்திபுரம் கன்சோல் எழுதியது:

டீச்சர் அம்மா சொன்ன மைக் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, நாங்கள் சேர்ந்து ஆடும் கிளானில் (குழுவில்) ஒரு பெண் இருக்கிறார், அவர் பேசினால் எதிர் டீம் அடிப்பதை விட்டுவிட்டு அவரிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கண்டிக்க வேண்டும், நாங்கள் கண்டிக்கிறோம்.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கவர்ச்சி என்பதே வேண்டாமா? பெண் கேரக்டர் அழகாக, உடம்பு தெரிகிற மாதிரி, அதே சமயம் பார்க்கிறவனுக்காக இல்லாமல் இருக்கவே முடியாதா? அப்படி முடியாது என்றால் கடைசியில் மேடம் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுகிறது.

வனமுள் எழுதியது:

முடியும் என்றுதான் நம்புகிறேன், அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் டீமில் ஒரு பெண் அனிமேட்டர் நடனக்காரி ஒருத்தியைச் செய்தார். மெல்லிய உடை, இடுப்பு தெரியும். அவர் கேமராவை அந்த நடனக்காரி கண் உயரத்தில் வைத்தார், மூச்சு வாங்கும்போது விலா ஏறி இறங்குவதற்கு எலும்பு போட்டார், ஆடி முடித்ததும் ஒரு நொடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அழகாகத்தான் இருந்தாள். அவளுக்குக் களைப்பு இருந்தது, வியர்வை இருந்தது, தன் வேலையைத் தான் நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு முகத்தில் இருந்தது. கவர்ச்சி போய்விடவில்லை. அது அவளுடையதாக இருந்தது. பெண்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் இது தானாக நடந்துவிடாது, மாரி ஷிமசாகி உருவத்தைத்தான் கொடுத்தார், கேமராவை வேறு யாரோதான் ஓட்டினார்கள். ஓகே சொல்லும் இடத்திலும் பெண்கள் வேண்டும்.

தங்கச்சி, நீ கேட்ட அந்தப் போஸ் விஷயத்துக்கு எனக்கும் ஒரே பதில் கிடையாது. கேலியும் இருக்கிறது, காட்டுவதும் இருக்கிறது. அதை அப்படியே எழுது, ஒரு பக்கம் தள்ளிவிட்டு முடிக்காதே. பெண்ணியக் கேரக்டரா, ஆம் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கச் சொன்னால் இல்லை என்று எழுதி, ஆனால் பெண்கள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது நிஜம் என்று அடுத்த வரியிலேயே எழுது. உனக்கு வந்த தெம்பை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

ஸ்லைடு பிரச்சினைக்கு வழி இருக்கிறது. அவள் படத்தைப் போடவே வேண்டாம். ஒரே அத்தியாயத்திலிருந்து ஒரு சண்டைக் காட்சியும் ஒரு கட்சீனும் எடுத்துக்கொள். அவள் நிற்கும் இடத்துக்கு ஒரு புள்ளி, கேமரா நிற்கும் இடத்துக்கு ஒரு முக்கோணம், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பக்கவாட்டில் ஒரு கோடு, இவ்வளவுதான். பக்கத்திலேயே ஒரு ஆண் கேரக்டரின் கட்சீனுக்கும் அதே மாதிரி வரைந்து வை. உடம்பே இல்லாமல் வெறும் கோட்டில் வித்தியாசம் தெரியும், மேடமும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்தக் காட்சி என்று நேரத்தைக் குறித்து அனுப்பு, கேமரா உயரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று நான் ஒன்றை வரைந்து காட்டுகிறேன், மிச்சத்தை நீ போட்டுவிடலாம்.

பீளமேட்டுப் பிள்ளை எழுதியது:

அனுப்புகிறேன் அக்கா. ஆண் கேரக்டருக்கு கிராட்டோஸையே எடுத்துக்கொள்கிறேன், காந்திபுரம் அண்ணா பார்த்துவிட்டுச் சொல்லட்டும். டீச்சர், மைக் விஷயத்துக்குத் தனியாக ஒரு பகுதி வைக்கிறேன், உங்கள் பெரிய பெண்ணிடம் பெயர் போடாமல் நாலு கேள்வி கேட்கலாமா?